பதினோரு வினாடித் தேய்மானம்

காலை ஏழு மணிக்கு நொய்யல் மாடங்கள் குடியிருப்பின் நாற்பத்தொரு வீட்டு வாசல்களிலும் பக்தி வழிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் யாழினி வீட்டு வாசற்பலகை, ‘இப்போது ஒலிக்கிறது: முருகன் துதிகள், பக்கம் ஒன்று’ என்று பச்சை எழுத்தில் மின்னியது. எதிர்வீட்டுக்காரரும் குடியிருப்போர் சங்கத் தலைவருமான மிதுனகுமார் ஒரு படி மேலே போய் வீணைக் கச்சேரி வைத்திருந்தார். ஆனால் நடைவழியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டாலும் கேட்பது என்னவோ குக்கர் விசிலும், யார் வீட்டிலோ தேங்காய் துருவுகிற சத்தமும்தான்.

காரணம் எளிது. வாசற்பலகைக்குச் சத்தம் தேவையில்லை. இசைத்தட்டுப் பெட்டியின் கையில், முள்ளுக்குப் பின்னால், மிளகு அளவில் ‘முள்காது’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். தட்டின் பள்ளத்தில் முள் அதிர்கிற அதிர்வைப் படித்து, இன்ன தட்டு, இன்ன பக்கம், இன்ன பாட்டு என்று வாசலுக்குச் சொல்லிவிடும். எனவே தட்டைச் சுழலவிட்டு, ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, குளிக்கப் போகலாம், இட்லி ஊற்றலாம், புருஷனோடு சண்டைகூடப் போடலாம். வாசலில் முருகன் துதி ஓடிக்கொண்டேயிருக்கும்.

பதினேழாம் எண் வீட்டுப் பலகை மட்டும் கறுப்பாகக் கிடந்தது. ஆறு வருடமாக அப்படித்தான் கிடக்கிறது. அந்த வீட்டுக்காரி தாரணி, வயது அறுபத்தொன்று, தனிக்கட்டை. கோயமுத்தூர் கணபதி பகுதியில் ஒரு மோட்டார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவள். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் காதை வைத்து, “பேரிங் சரியில்லை, கழட்டுங்க” என்று சொல்வதுதான் வேலை. அளவுக் கருவி ‘சரி’ என்று சொன்ன மோட்டாரையும் இவள் கழற்றவைத்திருக்கிறாள். கழற்றிப் பார்த்தால் பேரிங் குண்டு ஒன்று விரிசல் விட்டிருக்கும். கருவிகளின் மேல் அவளுக்கு மரியாதை குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அன்று காலை அவள் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, யாழினி தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி முடித்து அரை மணி நேரமாகிவிட்ட வாசல் அது.

“ஏனுங்க்கா, எந்திரிச்சுட்டீங்களா? உள்ள ஏதோ ஓடற மாதிரி இருந்துச்சு...”

“ஃபேனு கண்ணு.”

“ஃபேனுக்கு ராகம் எல்லாம் வருதுங்க்கா?”

“நல்ல ஃபேனு. கோயமுத்தூர் மோட்டாரு.”

கதவு சாத்திக்கொண்டது. யாழினி விளக்குமாற்றை ஒரு முறை தரையில் தட்டினாள். ஆறு வருடம்! பக்கத்து வீட்டுக்காரி என்ன கேட்கிறாள் என்று ஆறு வருடமாகத் தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

இதில் யாழினியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உலகமே அப்படித்தான் ஆகியிருந்தது. பாட்டு என்பதை அப்போதெல்லாம் ‘தன்னிசைப்பான்’ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. காதுக்குள் ஒரு துளி. அது உங்கள் நாடியையும் வியர்வையையும் மோப்பம் பிடித்து, உங்களுக்கென்றே அந்த நிமிடத்தில் ஒரு பாட்டை உண்டாக்கும். கேட்டு முடித்ததும் அது செத்துப்போகும். ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்டது என்பதே இருபது வருடத்துக்கு முந்தைய செய்தி. “அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?” என்று யாரையும் கேட்க முடியாது. கல்யாண வீட்டில் ஐந்நூறு பேர் ஐந்நூறு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் அழுவார், பக்கத்து இலைக்காரர் தாளம் போடுவார்.

அப்போதுதான் பழைய இசைத்தட்டு திரும்பி வந்தது. அச்சடித்த பள்ளம்; ஆளுக்குத் தகுந்தபடி மாறத் தெரியாத மடப்பொருள். அதனாலேயே அதற்கு மவுசு. எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடுகிற ஒரே சாமான் அதுதான். வீட்டில் என்ன தட்டு ஓடுகிறது என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்ல முள்காதும் வாசற்பலகையும் வந்தன. முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. பலகையைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, “எனக்கும் அந்தப் பாட்டுப் புடிக்குமுங்க” என்று காப்பி டம்ளரோடு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

அடுத்த வருடம் தரகர்கள் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்கள். தன்னிசையில் யாரும் எதையும் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். முள் பொய் சொல்லாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஜாதகக் கட்டத்துக்குப் பதில் ‘தட்டுப் பொருத்தம்’ வந்தது. பெண் வீட்டின் பன்னிரண்டு மாதத் தட்டு விவரமும் மாப்பிள்ளை வீட்டின் பன்னிரண்டு மாதமும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு. பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் கேட்டார்கள். வேலைக்கும் கேட்டார்கள். கடைசியில் வெளிப்படை வாரியம் என்றே ஒன்று முளைத்து, பத்துத் தட்டுக்கு மேல் வைத்திருக்கும் வீடெல்லாம் ‘கேட்போர் இல்லம்’, வாசலில் காட்டியே தீர வேண்டும் என்று விதி போட்டது.

ஊரெல்லாம் அடித்துப் பிடித்துப் பதினோராவது தட்டை வாங்கியது. தாரணி மட்டும் தன்னிடமிருந்த முந்நூற்று எழுபத்திரண்டு தட்டில் ஒன்பதை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை உக்கடம் ஜலீல் பாயின் இசைத்தட்டுக் கடைக்கு மூன்று நடையாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அனுப்பிய அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் பலகை கறுப்பாகவே இருந்தது.

அந்த ஒன்பதுக்கும்தான் இப்போது ஆபத்து வந்தது.

மிதுனகுமார் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். கையில் தீர்மான நகல், பின்னால் யாழினி. சாட்சிக்கு வந்தாளாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் போனது இசைப்பெட்டிக்கு. பெட்டி மூடியிருந்தது. மேலே ஒரு துண்டு வேறு போட்டிருந்தது.

“அக்கா, உக்காருங்” என்றார் தலைவர், அவள் வீட்டிலேயே அவளை. “ஒண்ணும் பெருசா இல்லைங். நம்ம கட்டடத்துக்கு ‘முழு வெளிப்படைக் குடியிருப்பு’னு பட்டயம் வாங்கோணும்னு சங்கத்துல முடிவாயிருச்சு. நாப்பத்திரண்டு வீடும் காட்டோணும். நாப்பத்தொண்ணு காட்டுது.”

“எங்கிட்ட ஒம்பதுதான் இருக்குது தம்பி. விதி பத்துக்கு மேல.”

“விதி வாரியத்தோடது. தீர்மானம் நம்மளோடது. ஒண்ணாந்தேதிக்குள்ள முள்காது மாட்டலீன்னா பெட்டிய இந்தக் கட்டடத்துல வெக்கக் கூடாதுங். சீல் வெச்சு எடுத்துருவோம்.”

“என்ற வீட்டுக்குள்ள வந்தா?”

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க” என்று யாழினி குறுக்கே வந்தாள். அவள் குரலில் கெஞ்சலும் இருந்தது, உண்மையும் இருந்தது. “என்ற பொண்ணு தான்யாவுக்குத் திருப்பூர்ல ஒரு மாப்பிள்ளை எடம் தெகஞ்சு வருது. அவங்க முழு வெளிப்படைக் கட்டடத்துலதான் பொண்ணெடுப்பாங்களாம். உங்க ஒரு வீட்டுனால நிக்குதுங்க்கா. அப்பிடி என்னதானுங்க கேக்கறீங்க? ஏதாச்சும்... ஒரு மாதிரிப் பாட்டா? இருந்தாலும் பரவால்லீங்க, நாங்க யாரு கிட்ட சொல்லப் போறோம்?”

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாசல்ல பலகை போட்டுச் சொல்றதுக்குத்தானே கண்ணு வந்திருக்கீங்க?”

“அப்ப மாட்டறீங்களா இல்லீங்களா?” என்றார் தலைவர்.

“மாட்டல. பூட்டை ஒடச்சுக்கிட்டு வந்து எடுத்துக்குங்க. நானும் உள்ள ஒக்காந்திருப்பேன், சேர்த்தே சீல் வெச்சுருங்க.”

அவர்கள் போன பிறகு அவள் துண்டை எடுத்தாள். காதில் கருவி மாட்டிக் கேட்கும் பழைய ஏற்பாடு; அதனால்தான் நடைவழிக்கு ஒரு முணுமுணுப்புக்கு மேல் சத்தம் போகாது. ‘ஆனைமலை மெல்லிசை, தொகுதி இரண்டு’ என்ற தட்டைப் போட்டு, முள்ளை இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டில் இறக்கினாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது வினாடியில் பாடுகிறவர் ஓய்வார். வாத்தியங்கள் ஒதுங்கும். அப்போது ஒரு மூச்சு.

புல்லாங்குழல் வருவதற்கு முன்னால் அந்தக் குழல்காரர் இழுக்கிற மூச்சு. பதிவு செய்தவர்கள் கவனிக்காமல் விட்டது. சின்னதாக, அவசரமாக, யாரோ கதவைத் திறந்து தலையை நீட்டியதைப் போல. அதற்குப் பின் பதினோரு வினாடி குழல்.

தாரணி இருபத்தெட்டு வயதில் இதை முதலில் கேட்டாள். பேரிங் கேட்டுப் பழகிய காது, பிடித்துக்கொண்டது. பிறகு வேறொரு தட்டில், வேறு பாட்டில், அதே மூச்சைக் கேட்டாள். அதே ஆள்! உறையில் பாடியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர் இருந்தது, அச்சடித்த கம்பெனி பெயர்கூட இருந்தது. குழல் வாசித்தவர் பெயர் எதிலும் இல்லை. முப்பது வருடமாகத் தட்டுத் தட்டாக வாங்கி அந்த மூச்சைத் தேடினாள். கிடைத்த இடத்திலெல்லாம் உறையின் உட்பக்கம் பென்சிலால் நிமிடமும் வினாடியும் குறித்து, பக்கத்தில் ‘தா’ என்று கையெழுத்துப் போட்டாள். அது சோதனைப் பிரிவின் பழக்கம். பார்த்த மோட்டாரில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

குழல்காரர் உயிரோடு இருக்கிறாரா தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. அவள் தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். இதைப் பலகையில் போட்டால் மறுநாள் காலை, ‘துயரச் சாய்வு’ என்றோ ‘தனிமைக் குறி’ என்றோ வாரியம் ஒரு எண் கொடுக்கும். யாழினி கஷாயத்தோடு வருவாள். பழைய காதலன் கதை என்றால் கட்டடம் அவளை மன்னித்துக்கூட இருக்கும். காரணமே இல்லாமல் ஒருத்தி ஒரு மூச்சை முப்பது வருடம் கேட்டாள் என்பதை யார் மன்னிப்பார்கள்?

ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் வாரியம் முள்காதுகளுக்கு ஒரு புதுத் திறமையை ஏற்றி அனுப்பியது.

அதன் பெயர் ‘தேய்மானக் கணிப்பு’. சிலர் ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று வாரியத்துக்குச் சந்தேகம். எனவே முள் போகிற பள்ளத்தின் தேய்மானத்தையே படித்துவிடுவது. பிடித்த இடத்தைத்தானே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள்? அங்கேதான் பள்ளம் அதிகம் வழுவழுத்திருக்கும். இன்றைக்கு நடிக்கலாம், இருபது வருடத்துக்கு நடிக்க முடியுமா? நல்ல யோசனைதான். தட்டுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் என்று நினைத்ததில் மட்டும் கொஞ்சம் பிசகு.

வியாழக்கிழமை காலை தாரணி கதவைத் திறந்தாள். வழக்கம்போலப் பால் பாக்கெட்டுக்குக் குனிந்தவள் நிமிரவில்லை.

எதிரே தலைவர் வீட்டுப் பலகையில் பெரிய எழுத்தில்: ‘இந்த இல்லத்தின் உயிர்த்தடம்: ஆனைமலை மெல்லிசை, தொகுதி இரண்டு. பக்கம் இரண்டு, பாட்டு மூன்று. 1:52 முதல் பதினோரு வினாடி. 1,380 முறை.’

பக்கத்தில் யாழினி வீடு: ஒரு தாலாட்டுத் தட்டு, 0:47 முதல் ஒன்பது வினாடி, 912 முறை. அதற்கடுத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு: படகுப் பாட்டு, 2:20, பதினான்கு வினாடி. மாடிப்படியில் இறங்கிப் பார்த்தாள். இரண்டாம் மாடி, முதல் மாடி, தரைத்தளம், பிறகு ஏறி மேல் மாடிகள். ஒரு பலகை விடாமல் அவள்தான். அவளுடைய முப்பது வருடம், நாற்பத்தொரு வாசலில், அடுத்தவர் பெயர்ப்பலகைக்குக் கீழே, பச்சை விளக்குப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. திருட்டுப் போன வீட்டுக்காரிக்காவது பொருள் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

நேராக உக்கடம் போனாள்.

ஜலீல் பாய் கையை விரித்தார். “அக்கா, உங்க கட்டடத்துத் தலைவர்தான் எல்லா வீட்டுக்கும் சேத்து மொத்தமா வாங்கிட்டுப் போனாரு. புதுத் தட்டு எடுத்து வச்சேன், வேணாம்னுட்டாரு. புதுசு வச்சிருந்தா நேத்துப் பணக்காரன்னு சொல்லுவாங்களாம். நாலு தலைமுறையாக் கேட்ட மாதிரி நல்லாத் தேஞ்சதா இருக்கணும்னாரு. உங்க தட்ட விடத் தேஞ்சது இந்த ஊர்ல ஏதுக்கா? ரெண்டு ரெண்டா வாங்கித் தேச்ச ஆளு நீங்க. அந்த ஆனைமலைத் தட்டு, முதப் பிரதி வெள்ளையாப் போயிருந்துச்சே, அதுதான் தனக்கு வேணும்னு தலைவர் கைல புடிச்சுக்கிட்டாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க பாய்?”

“வித்த பொருளு எங்க போச்சுன்னு வந்து சொன்னாலும் நீங்கதானேக்கா திட்டுவீங்க?”

அவள் பேருந்தில் திரும்பி வரும்போது முழு வழியும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

கட்டடத்திலோ முதல் அரை நாள் வெட்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், தான் அந்தத் தட்டை ஒரு முறைகூட ஒலி வைத்துக் கேட்டதில்லை என்று. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையாகவே கேட்டிருக்கிறார் போலிருக்கிறதே! கணக்கு வாத்தியார் தலைவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். தலைவர், மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்தவர் தாமே என்பதை மறந்தவராக, வாத்தியாரைப் பார்த்து, “சார், நீங்களும் இடையிசைப் பிரியருங்களா?” என்றார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மாலையில் வாரியத்திலிருந்து செய்தி வந்தது. நாற்பத்தொரு இல்லங்களும் ஒரே சுவை, ஒரே குழல், ஒரே நுட்பம். ‘இசைவெண்’ தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. மாநிலத்திலேயே இப்படியொரு ஒற்றுமையான கட்டடம் கண்டதில்லை. அலுவலர் நேரில் வந்து பட்டயம் தருவார். கேளாத வீடு ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, அதற்கு விலக்கு அளிக்கலாம்.

திருப்பூர் மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே கூப்பிட்டார்கள்.

யாழினி இருப்புக் கொள்ளாமல், தன் வீட்டின் பெருமைக்குரிய தாலாட்டுத் தட்டை முதல்முறையாகக் கையில் எடுத்து உறையைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் பென்சிலில் ‘0:47 தா’. அடுத்த தட்டில் ‘3:05 தா’. பதினோரு தட்டிலும் ‘தா’. பால் கணக்குச் சீட்டில் ஆறு வருடமாகப் பார்த்துவரும் கையெழுத்து. யாழினிக்கு வம்பு பேசத் தெரியும் என்பதற்காக மூளை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்த நிமிடம் தலைவர் வீட்டில் இருந்தாள்.

சனிக்கிழமை மிதுனகுமார் மறுபடி வந்தார். இந்த முறை கையில் மைசூர்பாகு.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

“சீல் வெக்க வந்தீங்களா தம்பி? ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாளிருக்குதே.”

“அட, அதெல்லாம் விடுங்க்கா. நீங்க முள்காது மாட்டவே வேண்டாமுங். ஆயுசுக்கும் வேண்டாமுங்.” குரலைத் தாழ்த்தினார். “மாட்டுனீங்கன்னா அந்த ஒம்பது தட்டுத் தேய்மானமும் எங்க தட்டுத் தேய்மானமும் ஒரே கைன்னு வாரியத்து மெஷின் கண்டுபுடிச்சுருமுங். அப்புறம் நாப்பத்தொரு வீடும் செகண்ட்ஹேண்டுன்னு ஆயிரும்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.”

“எல்லாருக்கும் தெரியுமுங்க. ஆனா யாருக்கும் தெரியாத மாதிரிதானுங் இருக்கறோம்.”

யாழினி வாசற்படியிலேயே நின்றாள். இந்தத் தடவை அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, தாரணியைத்தான் பார்த்தாள். “அக்கா, ஆயிரத்து முந்நூத்தி எம்பது தடவை... யாருங்க்கா அது, அந்தக் குழல்காரரு?”

“தெரியாது கண்ணு.”

“எங்கிட்டயாச்சும் சொல்லலாமல்லங்க?”

“தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!”

யாழினி நம்பவில்லை. நம்பியிருந்தால் அவள் யாழினியா?

தலைவர் ஒரு படிவத்தை நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க்கா. ‘இந்த இல்லத்தில் இசை கேட்கும் வழக்கம் இல்லை.’ கேளா வீடுன்னு ஒரு தகடு வாசல்ல அடிச்சுருவாங்க. அப்புறம் உங்கள எவனும் ஒண்ணுங் கேக்க மாட்டான். நீங்க கேட்டது அதுதானுங்களே?”

தாரணி படிவத்தை இரண்டு முறை படித்தாள். உண்மைதான், அவள் கேட்டது அதுதான். கறுப்புப் பலகை, யாரும் எட்டிப் பார்க்காத வீடு. போன மாதம் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு மைசூர்பாகையும் தின்றிருப்பாள். இப்போது அந்த வரியின் மேல் விரலை வைத்து மறுபடி படித்தாள். இந்தக் கட்டடத்தில் காது வைத்துக் கேட்கிற ஒரே ஆள் அவள். அவளுடைய வாசலில் கேளா வீடு. கேட்காத நாற்பத்தொன்றுக்குப் பட்டயம்.

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அக்கா...”

“காட்டுன்னீங்க, காட்டல. இப்ப மூடுங்கறீங்க, மூட மாட்டேன். உங்களுக்கு எது தோது, எப்பத் தோதுன்னு பாத்து நான் செவிடாகவும் வேண்டியதில்லை, ஊமையாகவும் வேண்டியதில்லை. என்ற காது என்ற இஷ்டம்.”

“என்ன பண்ணப் போறீங்க? வாரியத்துல போய்ச் சொல்லுவீங்களா?” மிதுனகுமாரின் நெற்றி வியர்த்திருந்தது.

“நான் எதுக்குத் தம்பி சொல்றேன்? பாட்டுக் கேக்கறவ, பாட்டுக் கேக்கப் போறேன்.”

மைசூர்பாகு டப்பாவை யாழினி கையில் கொடுத்து, “தான்யாவுக்குக் குடு கண்ணு” என்று கதவைச் சாத்தினாள்.

தலைவர் விடவில்லை. படிவத்தில் தாரணி பெயரைத் தாமே எழுதி, ‘வயோதிகம் காரணமாகக் கையொப்பமிட இயலவில்லை’ என்று சேர்த்து அனுப்பிவிட்டார். அவள் வயோதிகமும் அவர் வயோதிகமும் மூன்று வருட வித்தியாசம்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அலுவலர் நித்திலன் வந்தார். ஒல்லியான மனிதர், காதில் தன்னிசைத் துளி, ஒரு கையில் வெல்வெட்டுப் பெட்டியில் பட்டயம், மறுகையில் ‘கேளா வீடு’ என்ற தகடும் நாலு திருகாணியும். மூன்றாம் மாடி நடைவழியில்தான் விழா. கட்டடமே பட்டிலும் வேட்டியிலும் கூடியிருந்தது. திருப்பூர்க்காரர்கள் இருவர் முன்வரிசையில். அன்றைக்கு ஒரு சிறப்பு ஏற்பாடாக, நாற்பத்தொரு வீட்டிலும் அவரவர் உயிர்த்தடத் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. எல்லாப் பலகையும் ‘இப்போது ஒலிக்கிறது’ என்று மின்னியது. நடைவழியில் ஈ பறந்தால் கேட்கும். கைப்பழக்கம், ஒலியை ஏற்ற எல்லோருமே மறந்துபோயிருந்தார்கள்.

அலுவலர் தொண்டையைச் செருமினார். “ஒரே குழலோசையில் நாற்பத்தொரு உள்ளங்கள்...”

பதினேழாம் எண் கதவு திறந்தது.

தாரணி கதவை முழுக்கத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி செருப்பை முட்டுக்கொடுத்து வைத்தாள். காதுக்கருவியின் கம்பியை அன்று காலையே பிடுங்கிவிட்டு, பரணில் கிடந்த பெரிய ஒலிபெருக்கி இரண்டையும் தூசி தட்டி மாட்டியிருந்தாள். ஆனைமலைத் தட்டின் இரண்டாவது பிரதி, இரண்டாம் பக்கம். உள்ளே போய் முள்ளை இறக்கிவிட்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அந்தப் பாட்டை அவள் இன்னொருவர் இருக்கும்போது கேட்டதே இல்லை.

பாடுகிறவர் ஓய்ந்தார். வாத்தியங்கள் ஒதுங்கின. மூச்சு.

பிறகு குழல், நடைவழி முழுக்க, மாடிப்படி வழியாகக் கீழேயும் மேலேயும் போயிற்று. திருப்பூர்க்காரர்களில் மூத்தவர் காதுத் துளியைக் கழற்றினார். குழந்தை ஒன்று கதவைப் பார்த்துத் திரும்பியது.

அலுவலர் கையிலிருந்த தகட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். “இது கேளா வீடுன்னு எழுதியிருக்கே?”

“மன்னிச்சுக்கோணுமுங்” என்று மிதுனகுமார் முந்திக்கொண்டார். “வயசானவங்க, தனியா இருக்காங்க. ஏதோ பழைய சாமானத்தைப் போட்டுச் சத்தம் பண்ணுவாங்க. நான் இப்ப நிறுத்தச் சொல்றேன்.”

“இல்ல, நல்லாத்தான் இருக்கு. என்ன பாட்டு இது?”

“எதோ ஒண்ணுங்க. எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்களே” என்றார் தலைவர். அவர் தலைக்கு ஒரு சாண் மேலே, பச்சை எழுத்தில், ‘இப்போது ஒலிக்கிறது: ஆனைமலை மெல்லிசை, தொகுதி இரண்டு, பக்கம் இரண்டு’ மின்னிக்கொண்டிருந்தது.

அலுவலர் பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை. விதிமுறைக்காரர், கையடக்கப் பலகையில் அறிவிப்புப் படிவம் ஒன்றைத் திறந்தார். “அம்மா, பொது நடைவழியில் அனுமதியில்லாத ஒலி. அறிவிப்புக் கொடுத்தாகணும்.”

“குடுங்க சாமி, தாராளமாக் குடுங்க. என்ன ஒலின்னு பேர் எழுதியே குடுங்க. பேரில்லாத அறிவிப்பு செல்லாதல்லங்க?”

படிவத்தில் அப்படியொரு கட்டம் இருக்கத்தான் செய்தது. அலுவலர் கூட்டத்தைப் பார்த்தார். “யாருக்காவது தெரியுமா, என்ன இசை இது?”

மாநிலத்தின் மிக நுட்பமான நாற்பத்தொரு இல்லங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கணக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். யாரோ “ஷெனாயுங்களா?” என்றார். யாழினி ஒருத்திக்கு மட்டும், தாரணி வீட்டுக் குழல் என்றால் எந்தத் தட்டு என்று தெரியும். அவள் தலைவரின் பலகையைப் பார்த்தாள், திருப்பூர்க்காரர்களைப் பார்த்தாள், சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்ததிலேயே பெரிய செய்தி. சொல்ல முடியாத செய்தி.

பதினோரு வினாடி முடிந்து பாட்டு மேலே போய்விட்டது. அலுவலரின் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

“தெரியலீங்களா?” என்று தாரணி எழுந்தாள். “ஆறு வருசமாப் பகிர்ந்துக்கோங்க, பகிர்ந்துக்கோங்கன்னாங்க. இப்பத்தானுங்க மொதத் தடவையாப் பகிர்ந்திருக்கேன். ஒருக்காக் கேட்டாப் புடிபடாது. இருங்க.”

உள்ளே போய் முள்ளை எடுத்து அதே இடத்தில் மறுபடி இறக்கினாள். கதவு திறந்தே இருந்தது.